சுண்டுவிரல்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தொன்று.

இந்த மாதிரிக் கதைகளில் குருவுக்கு வெண்தாடி இருந்தே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது. கண்ணாடி உடைந்த ஒரு ஸ்கூட்டி உண்டு. குருவின் பெயர் தமயந்தி.

பதினேழு வயதில் அவிநாசிப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒடிசாவிலிருந்து வந்த ஐந்து பெண்களோடு ஏழு வருடம் ஒரே அறை. அவர்களோடு சண்டை போடுவதற்காகவே ஒடியா கற்றுக்கொண்டதாகச் சொல்வார். பிறகு தபாலில் பட்டம் வாங்கினார். இப்போது அந்தக் கல்வி மாவட்டத்தில் வெளிமாநிலப் பிள்ளைகள் படிக்கும் ஒன்பது பள்ளிகளும் அவர் பொறுப்பு.

சீடர் நாச்சிமுத்து, நான்காம் வகுப்பு ஆசிரியர். இருபத்தாறு வருட சர்வீஸ். "பத்து நாள் அந்தப் பொண்ணுகூட இருந்து கத்துக்கிட்டு வாங்க" என்று கல்வி அலுவலர் சொன்னபோது அவருடைய பள்ளியில் எல்லோரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"உங்களுக்கு சிஷ்யனாச் சேர்ந்திருக்கேனுங்க அம்மணி. கால்ல விழோணுமா?"

"வேண்டாம் சார். ஹெல்மெட் போடுங்க, கிளம்பலாம்."

எட்டு நாள் சிரிப்பும் வாதமுமாகப் போயிற்று. ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, நாச்சிமுத்து பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"பனிதா நாயக்னு ஒரு புள்ளைங்க. என்ற கிளாஸ்தான். ஜூன்ல சேர்ந்தா, இப்ப அக்டோபர். நாலு மாசமா வாயே தொறக்கலை. காது நல்லாக் கேக்குது, பரிசோதனை பண்ணியாச்சு. அப்ப மூளை வளர்ச்சியிலதான் கோளாறு. எழுதிட்டேன். அவங்கம்மா கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுங்க. திங்கக்கிழமை அனுப்போணும்."

தமயந்தி படிவத்தைப் படித்தார். நாச்சிமுத்துவின் கையெழுத்து மணி மணியாக இருந்தது.

ஒன்று, மாணவி பேசுவதில்லை. இரண்டு, எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிறாள், சிரிக்கிறாள், புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. மூன்று, ஜூன் மாதத்தில் ஒரு நாள் வகுப்பறையிலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். உடல் கட்டுப்பாடு இல்லை.

"கையெழுத்து ஆனா?"

"டவுன்ல சிறப்பு மையம் இருக்குங்கல்ல, அங்க போவா."

"பதினாலு கிலோமீட்டர். யார் கூட்டிட்டுப் போவா?"

"அவங்கம்மாதான்."

"அவங்கம்மாவுக்குக் காலைல ஆறு மணி ஷிப்ட்டு சார்."

"அதுக்கு நான் என்னங்க பண்றது? அந்த மையத்தை நானா டவுன்ல கட்டுனேன்?"

போன வருடம், பனிதா குடியிருக்கும் அதே நூற்பாலை லைன் வீடுகளிலிருந்து ஒரு பெண் இதே படிவத்தோடு மையத்துக்குப் போனாள். மூன்று நாள் போனாள். பிறகு மையமும் இல்லை, பள்ளியும் இல்லை. இப்போது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அது இருவருக்கும் தெரியும்.

தமயந்தி வேறொன்று கேட்டார்.

"தினமும் வர்றாளா?"

"வர்றா. ஆனா ஆப்சென்ட்டுங்க."

"என்னது?"

"பேர் கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா' சொல்லோணும். சொல்லாதவங்க ஆப்சென்ட். இருபத்தாறு வருஷமா என்ற கிளாஸ்ல இதான் பழக்கம். ஒருத்திக்காக மாத்த முடியுங்களா? அப்புறம் முப்பத்தொரு பேரும் கம்முனு உக்காந்துக்குவாங்க."

"ஆப்சென்ட் ஆன புள்ள மத்தியானம் சத்துணவு சாப்பிடறாளா?"

"சாப்பிடறா."

"முட்டையும்?"

"ரெண்டாவதுக்கும் தட்டை நீட்டறா."

தமயந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஜமுனாவுக்கு, அதான் பனிதாவோட அம்மாவுக்கு, லீவு. வாங்க, போலாம். கையெழுத்து வேணும்னா கிளம்பறப்ப நானே கேட்டு வாங்கித் தர்றேன். ஆனா ஒண்ணு. அங்க நான் உங்களுக்கு எதையும் தமிழ்ல சொல்ல மாட்டேன். கிளம்பி வந்தப்புறம் எது கேட்டாலும் சொல்றேன்."

"நான் பேசலாமுங்கல்ல?"

"தாராளமா. யாரும் உங்க வாயைக் கட்டலை."

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நூற்பாலைக்குப் பின்னால் பன்னிரண்டு லைன் வீடுகள். நடுவில் குழாய், கோடியில் கழிவறை. வாத்தியார் வந்திருக்கிறார் என்றதும் ஜமுனா யார் வீட்டிலிருந்தோ ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி வந்து புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். அங்கே நாற்காலி அது ஒன்றுதான். நாச்சிமுத்து அதில் உட்கார்ந்தார். தமயந்தி பெண்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"வணக்கமுங்க. நான் பனிதாவோட வாத்தியாருங்க."

பெண்கள் சிரித்தார்கள்.

அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். இன்னும் நன்றாகச் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் சொன்னார். தெரிந்த ஒரே இந்தி வார்த்தையான 'அச்சா'வையும் செலவழித்தார். அதற்குமேல் கையில் ஒன்றும் இல்லை. பேச்சு அவரைத் தாண்டிப் போயிற்று.

ஐந்து பெண்கள் பேசினார்கள். தமயந்தியும் அவர்களுக்குச் சமமாகப் பேசினார். நடுவில் ஏதோ நகைச்சுவை. எல்லோரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று நாச்சிமுத்து சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, அவரும் சிரித்தார். யாராவது அவர் பக்கம் திரும்பி ஏதாவது சொன்னால் தலையை ஆட்டினார். ஒருமுறை தலையாட்டியதற்கு ஒரு பெண் எழுந்து போய் அவருக்கு விசிறி கொண்டுவந்தாள். இன்னொருமுறை தலையாட்டியதற்கு யாரோ ஒருவருடைய கைக்குழந்தையை அவர் மடியில் வைத்தார்கள்.

குழாயடியில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தார்.

பனிதா. இரண்டு குடங்களுக்கு நடுவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஒரு பெண்மணிக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு விடவில்லை. விரலை மடக்கிக் காரணங்களை எண்ணினாள். கடைசியில் அந்தப் பெண்மணி குடத்தை எடுத்துக்கொண்டு வரிசைக் கடைசிக்குப் போனாள்.

நாச்சிமுத்துவின் காது சிவந்தது.

"அடிப்பாவி! என்ன பேச்சுப் பேசறா பாருங்க!"

தமயந்தி ஒடியாவில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் பக்கம் திரும்பவில்லை.

மணி பன்னிரண்டு ஆயிற்று. மடியிலிருந்த குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். நாச்சிமுத்துவுக்கு இன்னொரு சங்கடம் ஆரம்பித்தது. வரும் வழியில் குடித்த இளநீர். கழிவறை எதிரில்தான் தெரிந்தது. ஆனால் கதவில் பூட்டு. சாவி எந்த வீட்டிலோ. இருபத்தாறு வருட சர்வீஸ் உள்ள மனிதர் ஐந்து பெண்களுக்கு நடுவில் இதை எந்த மொழியில் கேட்பது? தமயந்தியைப் பார்த்தார். தமயந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இப்படி உட்கார்ந்து பார்த்தார், அப்படி உட்கார்ந்து பார்த்தார். வலது காலை இடது காலோடு பின்னினார். நெற்றியில் வியர்வை. எழுந்தார். எல்லோரும் பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். தலையை ஆட்டினார்.

அப்போது பனிதா எதிரே வந்து நின்றாள்.

அவருடைய கால்களைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு, யாருக்கும் தெரியாதபடி பாவாடைக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, சுண்டுவிரலை மட்டும் மெதுவாக உயர்த்தினாள். புருவத்தையும் உயர்த்தினாள்.

நாச்சிமுத்துவின் வகுப்பில் பிள்ளைகள் காட்டும் விரல்தான். ஜூன் மாதம் அது அவளுக்குத் தெரியாது. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் யாரோ பிறகு சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

நாச்சிமுத்து அந்த விரலையே பார்த்தார். பிறகு தன் சுண்டுவிரலை உயர்த்தினார்.

அவள் ஓடிப்போய் மூன்றாவது வீட்டு ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்தாள். ஒரு வாளித் தண்ணீரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கழிவறையைத் திறந்துவிட்டு, அவர் வரும்வரை யாரும் அந்தப் பக்கம் வராமல் காவல் நின்றாள்.

மத்தியானம் சாப்பாடு. நீர் ஊற்றிப் புளித்த சோறு, கடுகெண்ணெயில் பிசைந்த உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய். பழைய சோறு நாச்சிமுத்துவுக்குப் புதிதல்ல. கடுகெண்ணெய்தான் கண்ணில் நீரை வரவழைத்தது. குனிந்து சாப்பிட்டார். பனிதா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டில் மிளகாய் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

சாப்பிடும்போது ஜமுனா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தித் தமயந்தியிடம் ஏதோ கேட்டாள். மற்றப் பெண்களும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி 'ச்சு' கொட்டினாள். தமயந்தி பதில் சொன்னார். ஜமுனா தலையை அசைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எழுந்து வந்து நாச்சிமுத்துவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள்.

"கையெழுத்து கேக்கட்டுமா சார்?" இதைத் தமயந்தி தமிழில் கேட்டார்.

ஜமுனா அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பேனா எங்கே என்று பார்த்தாள். வாத்தியார் நீட்டும் எந்தக் காகிதத்திலும் போட்டுக் கொடுப்பதற்குத் தயாராக இருந்தாள்.

"வேண்டாமுங்க," என்றார் நாச்சிமுத்து. "வண்டியை எடுங்க."

பெரிய ரோட்டில் ஒரு பேக்கரி. இரண்டு டீ சொன்னார்கள். நாச்சிமுத்து படிவத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு படித்தார். மூன்றாவது வரியில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு அதை நாலாகக் கிழித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குங்கல்ல அம்மணி."

"சொல்லுங்க."

"அங்க அந்தப் பேச்சுப் பேசறா. ஒரு ஆளையே வரிசையில பின்னாடி அனுப்பிட்டா. அப்ப வாயில கோளாறு இல்லை, மூளையிலயும் இல்லை. ஒத்துக்கறேன். என்கிட்ட மட்டும் ஏன் பேசலை? நான் என்ன கடிச்சா வெச்சுடுவேன்? நாலு மாசமுங்க. ஒரு 'உள்ளேன் ஐயா'வுக்கு நாலு மாசம் பத்தாதுங்களா?"

தமயந்தி டீயை ஆற்றினார்.

"கேக்கறேனுங்கல்ல. பதில் சொல்லுங்க."

"நீங்க அங்க நடந்தது எதுவுமே கேக்கலியே சார். கிளம்புனப்புறம் சொல்றேன்னேனே."

நாச்சிமுத்து யோசித்தார். "சோறு போடறப்ப அந்தம்மா உங்ககிட்ட ஏதோ கேட்டாங்க. எல்லாரும் என்னையவே பாத்தாங்க. என்ன கேட்டாங்க?"

"'பாவம், வாத்தியார் பொறந்ததுல இருந்தே இப்படியா, இல்ல நடுவுல வந்ததா'ன்னு கேட்டாங்க."

"எப்படி?"

"ரெண்டு வார்த்தைக்கு மேல பேச்சு வராம."

நாச்சிமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவங்க ஊர்ல ஒரு வைத்தியர் இருக்காராம். நாக்குக்கு அடியில மருந்து வெச்சா மூணே நாள்ல பேச்சு வந்துருமாம். உங்களைக் கூட்டிட்டுப் போறேன்னாங்க. ரயில் செலவு நீங்க குடுக்க வேண்டாமாம்."

பேக்கரிக்காரர் பில்லை வைத்துவிட்டுப் போனார். நாச்சிமுத்து அதைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் முதல்முறையாக, தணிந்த குரலில் கேட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க அம்மணி?"

"'நல்லாவே பேசுவாரு. இங்க வந்து இன்னும் நாலு மணி நேரங்கூட ஆகலை, விடுங்க'ன்னேன். 'அதுவும் சரிதான்'னு சொல்லி உங்க தட்டுல இன்னொரு கரண்டி வெச்சாங்க."