ஊமத்தம்பட்டியார் தாயம் ஆடி பஸ் வாங்கியது

ஊமத்தம்பட்டியில் புத்திசாலிகளே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலு பேர் இருந்தார்கள். ஊரில் எது நடந்தாலும் அந்த நாலு பேரைக் கேட்டுத்தான் நடக்கும். ஊரின் கஷ்டமே அதுதான்.

மூத்தவர் உத்தண்டி. நின்றுபோன கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டியிருப்பார். யாராவது மணி கேட்டால், "இதுல பத்தேகால் இருக்கு. உங்களுக்கு எத்தனை வேணும்?" என்று பெருந்தன்மையாகக் கேட்பார். அடுத்தவர் சடையாண்டி, அரிவாளைத் தீட்டிக்கொண்டே இருப்பார், எதற்கென்று அவருக்கே தெரியாது. மூன்றாமவர் மாடக்கண்ணு, உட்கார்ந்தால் பெஞ்சு முனகும். நாலாமவன் குருவன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான் என்பதால், எந்தக் காகிதம் வந்தாலும் அவன் படிப்பதுதான் சட்டம்.

அந்த வருஷம் அந்தப் பக்கமாக ஒரு மினி பஸ் வந்தது. ஊமத்தம்பட்டி, செவக்காட்டூர் ரெண்டில் ஏதாவது ஒரு ஊரில்தான் நிறுத்த முடியும் என்று பஸ் முதலாளி சுயம்புலிங்கம் கறாராகச் சொல்லிவிட்டார். ரெண்டு ஊருக்கும் அது வேண்டும். ஊமத்தம்பட்டிப் பெண்கள் விடிந்ததும் மல்லிகைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு மைல் நடந்துதான் சந்தைக்குப் போவார்கள். போய்ச் சேர்வதற்குள் பாதிப் பூ மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை வியாபாரி ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். உத்தண்டியின் மனைவி காத்தாயி, "பஸ்ஸு மட்டும் நம்ம ஊருல நின்னுச்சுன்னா உங்களைச் சாமியாக் கும்பிடுறேன்" என்று கணவரிடம் சொல்லியிருந்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் உத்தண்டி இந்த விஷயத்தை நெஞ்சில் ஏற்றிக்கொண்டார்.

ரெண்டு ஊரும் ஒரு மாசம் சண்டை போட்டன. கடைசியில் சுயம்புலிங்கம், "அடிச்சுக்காதீங்கய்யா. ஞாயித்துக்கிழமை ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கிற குன்றுக்கிட்ட ஒரு ஆட்டம் தாயம் ஆடுங்க. ஜெயிக்கிற ஊருல பஸ் நிக்கும். நானே நடுவரா உக்கார்றேன்" என்றார்.

செவக்காட்டூரில் தாயம் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். பள்ளிக்கூடம் விட்டதும் தெருவுக்குத் தெரு சாக்கட்டியில் கட்டம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதில் பெரிய கை பொன்சித்ரா என்கிற ஆறாம் வகுப்புப் பெண். ஊர் அவளைத்தான் அனுப்புவது என்று முடிவு செய்தது.

ஊமத்தம்பட்டியில் யாருக்கும் தாயம் தெரியாது. நம் நாலு பேரும் சந்தைக்குப் போய், தாயம் தெரிந்த தையல்காரர் தேவசகாயத்தைப் பிடித்தார்கள். அவருக்கோ கல்யாண ஜாக்கெட் ஒன்பது பாக்கி. தலையை நிமிர்த்தாமல், துணி வெட்டும் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஊருக்கு வந்து, உத்தண்டி வீட்டுக்குள் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். குருவன் படித்தான்.

"ஆளுக்கு நாலு காய். கட்டையை நன்றாக உருட்டவும். ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் வீட்டை விட்டு இறங்கலாம்..."

வெற்றிலை துப்புவதற்காக ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்த உத்தண்டி, சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நல்லவேளை படிச்சே. இன்னும் ஒரு காலை வச்சிருந்தா ஆட்டமே போயிருக்கும்."

"ஒண்ணு விழணும்னா, எது விழணும் அண்ணே?" என்றார் மாடக்கண்ணு.

"அது எழுதலை. எது விழுந்தாலும் சரி, ஒண்ணுதான் விழணும்" என்றான் குருவன்.

சடையாண்டி ஒரு செம்பை எடுத்தார். "இதைக் கீழே போட்டுட்டா?"

உத்தண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "விழுந்தால்னுதான் போட்டிருக்கு. போட்டால்னு போடலை. கள்ளாட்டம் ஆடி ஜெயிச்சா அந்த பஸ்ல நிம்மதியா உக்கார முடியுமாய்யா?"

நாலு பேரும் கூரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து உத்தரத்திலிருந்து ஒரு பல்லி விழுந்தது. "தாயம்!" என்று எழுந்தார்கள். அதற்குள் பல்லியின் வால் தனியாகத் துள்ளியது. குனிந்து எண்ணிப் பார்த்து, "ரெண்டு. செல்லாது" என்று மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் காத்தாயி பூப்பறித்துவிட்டு வந்தாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டலையா?"

"ஒண்ணு விழாம எப்படிக் காட்டுறது?" என்றார் உத்தண்டி.

அவளே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டாள்.

மாடக்கண்ணுவுக்குப் பசி பொறுக்கவில்லை. பரண் மேல் பொரி டின் இருப்பதை மோப்பத்திலேயே கண்டுபிடித்து ஏறினார். அவர் ஏறியதும் பலகை முறிந்தது. வீடு ஒரு குலுக்குக் குலுங்கி அடங்கியது.

தூசு அடங்கியதும் உத்தண்டி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை விழுந்துச்சு?"

"நான் ஒருத்தன்தான் அண்ணே" என்றார் மாடக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"டின்னு?"

"அதை நான் கையில பிடிச்சிருந்தேன். அது விழலை. விழுந்ததெல்லாம் நான்தான்."

"பலகை?"

"அது ஒரு பக்கம் தொங்குது பாருங்க."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துத் திருப்திப்பட்டார்கள். "தாயம்!" நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மாடக்கண்ணுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதுதான் சரி.

அடுத்தது காய். குருவன் மீதிக் காகிதத்தையும் படித்தான்: "எதிராளி காயை வெட்டினால் இன்னொரு ஆட்டம். மலையில் இருக்கும் காயை வெட்டக் கூடாது. காய் சுற்றி வந்து பழமானால் ஜெயம்."

"என்ன காய் கொண்டுபோறது? கத்தரிக்காய்?" என்றார் சடையாண்டி.

"கத்தரிக்காய் பழுத்தா யாரு சீந்துவா?" என்றார் உத்தண்டி. "பாவக்காய் பழுத்தா வெடிச்சிடும். முருங்கைக்காய் பழுத்து நான் பார்த்ததே இல்லை. பழமாகணும்னு சொன்ன பிறகு யோசனை எதுக்கு? மாங்காய்தான்."

ஆளுக்கு நாலு. பதினாறு மாங்காயைப் பறித்து, கூடையில் வைக்கோல் போட்டு மூடினார்கள். அன்று புதன்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை குன்றடியில் ரெண்டு ஊரும் கூடிவிட்டன. பொன்சித்ரா தட்டைப்பாறையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, உடைந்த வளையல் துண்டு நாலைக் காயாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு சுயம்புலிங்கம். அவளுடைய பித்தளைத் தாயக்கட்டை கையில் உரசி உரசித் தங்கம் மாதிரி பளபளத்தது. உருட்டினாள். எடுத்த எடுப்பிலேயே தாயம். ஒரு வளையல் துண்டைக் கட்டத்தில் இறக்கினாள்.

"இப்ப நீங்க ஆடுங்க மாமா" என்றாள் மரியாதையாக. "உங்க காயெல்லாம் எங்கே?"

குருவன் குன்றின் உச்சியைக் காட்டினான். அங்கே ஒரு கூடை இருந்தது. "மலையில இருக்கு. வெட்டக் கூடாது."

பொன்சித்ரா கட்டத்தைப் பார்த்தாள். சில கட்டங்களில் பெருக்கல் குறி போட்டிருந்தாள். "மாமா, மலைங்கிறது இந்தக் கட்டம்."

உத்தண்டி சிரித்தார். "பாப்பா, நாங்க மலையைப் பார்த்ததில்லைன்னு நினைச்சியா?"

"சரிய்யா, கட்டையை உருட்டுங்க" என்றார் சுயம்புலிங்கம்.

உத்தண்டி குன்றைப் பார்த்துத் துண்டை வீசினார். உச்சியில் கூடைக்குப் பக்கத்தில் மாடக்கண்ணு தயாராக நின்றார். அவர் காலடியில், ரெண்டு நாளாகப் பாடுபட்டு மேலே ஏற்றிய பனங்கட்டை ஒன்று படுத்திருந்தது. நன்றாக உருட்டச் சொல்லியிருந்ததால், அவர் முழுபலத்தோடு உதைத்தார்.

கட்டை வந்தது. முதலில் ஆடுகள் ஓடின, அப்புறம் செவக்காட்டூர் ஓடியது, அதற்குப் பின்னால் ஊமத்தம்பட்டி ஓடியது. பொன்சித்ரா ஒரே தாவலில் பக்கத்துப் பாறை மேல் ஏறிக்கொண்டாள். சுயம்புலிங்கம் மட்டும் நாற்காலியிலிருந்து எழுவதா வேண்டாமா என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் நாற்காலி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள். கட்டை கட்டத்தை அழித்துக்கொண்டு போய்க் குளத்தில் விழுந்தது.

"தாயம்! முதலாளி விழுந்துட்டாரு!" என்று குதித்தான் குருவன்.

"கட்டையும் விழுந்துச்சே" என்று சந்தேகப்பட்டார் சடையாண்டி.

"அது குளத்துக் கணக்கு. வீட்டுக் கணக்குல வராது" என்று உத்தண்டி தீர்த்துவைத்தார்.

அதற்குள் சடையாண்டியின் கண்ணில் பாறைமேல் கிடந்த ஒரு வளையல் துண்டு பட்டுவிட்டது. எதிராளி காய்! எதற்கென்று தெரியாமல் தீட்டிவந்த அரிவாளுக்கு வாழ்க்கையில் ஒரு வேலை வந்தது. ஓங்கி ஒரு வெட்டு. பொறி பறந்தது. வளையல் தூளாகப் போனது. அரிவாள் முனையும் வளைந்தது.

"வெட்டியாச்சு! இன்னொரு ஆட்டம்!"

மாடக்கண்ணுவும் இறங்கி வந்து சேர்ந்துகொள்ள, நாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். காலை மாற்றி மாற்றிப் போட்டு, கையைச் சுழற்றி, மூச்சு வாங்குகிற வரைக்கும் ஆடினார்கள். முன்னால் ஒரு ஆட்டம் ஆடாமல் இன்னொரு ஆட்டம் எப்படி ஆடுவது என்று குருவனுக்கு நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று ரெண்டாக ஆடினார்கள்.

அப்புறம் கூடையை இறக்கி, தலையில் வைத்துக்கொண்டு குன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சுயம்புலிங்கத்தின் முன்னால் வைக்கோலை விலக்கினார்கள். பதினாறும் மஞ்சளாகப் பழுத்து மணத்தன.

உத்தண்டி கைகட்டி நின்றார். "காய் சுத்தி வந்து பழமாயிடுச்சுங்க. பாப்பாவோட வளையல் பழுத்திருக்கான்னு கேளுங்க."

முட்டியில் மண்ணோடு உட்கார்ந்திருந்த சுயம்புலிங்கம் பொன்சித்ராவைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செவக்காட்டூர்க்காரர்கள், "இது ஆட்டமே இல்லை, திரும்ப ஆடணும்" என்று சத்தம் போட்டார்கள்.

"திரும்பவா?" என்றாள் பொன்சித்ரா. சிரிப்பு நின்றுவிட்டது. மலையைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், சடையாண்டி அரிவாள் முனையைக் கல்லில் தட்டி நிமிர்த்துவதையும் பார்த்தாள். "வேண்டாம் மாமா. அவங்களுக்கே குடுத்துடுங்க. அவங்க ஊரு ஒண்ணும் தூரமில்லை, நாங்க அங்க நடந்து வந்து ஏறிக்கிறோம். ஆனா அந்தப் பழத்துல நாலு எனக்கு வேணும்."

"நாலு என்ன, எட்டு எடுத்துக்கோம்மா" என்றார் உத்தண்டி. அவருக்குக் காத்தாயியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை, 'ஊமத்தம்பட்டி. பஸ் இங்கே நிற்கும்' என்று பலகை நட்டு, நாலு பேரும் மாலையோடு காத்திருந்தார்கள். பெண்கள் பூக்கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். பஸ் வந்து நின்றது. மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"எங்க கிளம்பிட்டே?" என்று உத்தண்டி குறுக்கே வந்து நின்றார்.

"சந்தைக்குண்ணே."

"பலகையைப் படிடா குருவா."

குருவன் படித்தான். "பஸ் இங்கே நிற்கும்."

"போகும்னு எங்கயாவது இருக்கா?"

"இல்லை அண்ணே."

"பனங்கட்டை உருட்டி, பரண்ல இருந்து விழுந்து, ஒரு அரிவாளை மொட்டையாக்கி ஜெயிச்சது பஸ் நிக்கிறதுக்கு. வந்ததும் போறதுக்கு இல்லை" என்றார் உத்தண்டி. நாலு சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் பாறாங்கல் வைத்தார்கள். டிரைவர் கெஞ்சினார், கண்டக்டர் அழுதார். பஸ் ரொம்ப நன்றாக நின்றது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பெண்கள் இறங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். காத்தாயி கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலு பேரும் டிக்கெட் வாங்கி, காலியாகக் கிடந்த பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார்கள். காற்று வந்தது. குலுக்கலே இல்லை. "என்ன சொகமான வண்டி" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்கள். விழித்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. "சந்தை வந்திருக்கும்" என்று இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்தார்கள்.

"அட, இந்த ஊருலயும் ஒரு குன்று இருக்கே" என்றார் மாடக்கண்ணு.

குருவன் பலகையைப் படித்துவிட்டு ஆச்சரியப்பட்டான். "அண்ணே, நம்ம ஊர்ப் பேரையே வச்சிருக்காங்க!"

அப்போது சந்தையிலிருந்து நாலு மைல் நடந்து, வேர்த்து விறுவிறுத்து, காலிக் கூடையோடு காத்தாயி வந்து சேர்ந்தாள். உத்தண்டிக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய்க் கேட்டார்:

"காத்தாயி! நீ எந்த பஸ்ல வந்தே?"