பார்கோடுக்கு இருபுறமும் வெள்ளை வந்த கதை

உப்புக்கும் சோப்புக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கடையில் எதைக் கையில் எடுத்தாலும் அது தன் பேரையும் விலையையும் சொல்லிவிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றும் விசாரிக்கும். கடைக்குப் போவது உறவுக்காரர் வீட்டுக்குப் போய்வருவது மாதிரி இருந்த நாட்கள் அவை. இப்போது நினைத்தாலும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

விருதுநகரில் குருவம்மாள் சுக்குமல்லித் தூள் இடித்துப் பொட்டலம் போட்டு விற்றுவந்தாள். அவளுடைய பொட்டலங்கள் சரியான வாயாடிகள். பிள்ளை இல்லாத அவளுக்கு அந்தச் சளசளப்புதான் துணை.

நாளடைவில் கடைகள் பெருத்தன. சாமான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச, பில் போடுகிறவர்களுக்குக் காது அடைத்தது. இனிமேல் ஒவ்வொரு பொருளிலும் கறுப்புக் கோடுகளை அச்சடிக்க வேண்டும், சிவப்பு விளக்கு அதைப் படித்துக்கொள்ளும் என்று கடைக்காரர்கள் கூடி முடிவெடுத்தார்கள். கோடு ஏறிய சாமான்கள் வாயை மூடிக்கொண்டன.

குருவம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. கோடு சிறுத்தால் தன் பொட்டலப் பிள்ளைகளின் பேச்சு தப்பிப் பிழைக்கும் என்று நினைத்து, அதைச் சிறிதாக்கி ஓரத்தில் ஒதுக்கிவிடும்படி சிவகாசி அச்சகத்துச் சண்முகக்கனியிடம் சொன்னாள்.

"யக்கா, ரொம்பப் பொடிசாக்குனா மை பரவி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும்" என்றார் அவர். அவள் கேட்கவில்லை.

பேச்சு தப்பிப் பிழைத்தது. ஆனால் அவள் சரக்குப் போடும் மதுரைக் கடையில் விளக்கு எவ்வளவு மேய்ந்தும் படிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் உன் சரக்கே வேண்டாம் என்று கடைக்காரர் பெட்டியோடு திருப்பிவிட்டார். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

மறுமுறை கோட்டை நல்ல அகலமாகவே அச்சடித்தாள். பொட்டலங்களோ மற்றச் சாமான்களைப் போல அடங்காமல் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வாயை வைத்துக்கொண்டு வளவளத்தன. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விளக்குக்கு விளங்கவில்லை. கடைக்காரர் முகம் சுளித்தார். வாயை மூடுங்கள் என்று சொல்ல மனசு வராமல் குருவம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அவள் முகத்தைப் பார்த்து ஒரு பொட்டலம்தான் மெதுவாகச் சொன்னது: "ஆத்தா, நீ பொழைக்கணும். கோட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் கொஞ்சம் எடம் விடு. நாங்க அங்கன பேசாம இருந்துக்கிறோம்."

எல்லாம் ஒன்றாக வாயை மூடின. வாய் இருந்த இடம் வெள்ளையாயிற்று. விளக்கு உடனே படித்துவிட்டது. சரக்கு முழுக்க விற்றுப்போன அன்று, சத்தமில்லாத வீட்டுக்குள் போய் உட்கார்ந்து குருவம்மாள் அழுதாள்.

அன்று முதல்தான் பார்கோடின் இருபுறமும் வெள்ளையாக இடம் விடுகிறார்கள். எந்த அச்சகத்திலும் அங்கே ஒரு புள்ளிகூட வைப்பதில்லை. ஆத்தாவுக்காகப் பேச்சை விட்டவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.