மணி ஓசை அடங்கும் வரை

பொருநை ஆற்றங்கரையில் இருந்த அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரையாவது மடத்தை விட்டு அனுப்புவதென்றால், காலைக் கூட்டத்தில் மூன்று நாள் தொடர்ந்து அதை அறிவிக்க வேண்டும். அறிவித்ததும் வெண்கல மணியை ஒரு முறை அடிப்பார்கள். அதன் ஓசை அடங்குவதற்குள் ஒருவர் எழுந்து நின்றாலும் போதும், விசாரணை நடக்கும். மூன்று நாளும் ஒருவரும் எழாவிட்டால் அது எல்லோருடைய முடிவு.

நல்ல வழக்கம்தான். மடத்தில் உள்ள அறுபது பேருக்கும் கால் இருக்கிறது என்று நம்பி யாரோ செய்தது.

அந்தப் பங்குனியில், மடத்து வைத்தியர் பலவேசத்தை அனுப்பிவிடுவதாக அறிவித்தார்கள். காய்ச்சலோடு வந்த யாத்திரிகர் ஒருவர் மருந்தறையில் இறந்துபோயிருந்தார். பலவேசத்தின் கஷாயம் உள்ளே போனதும் உயிர் வெளியே போயிற்று என்று பேச்சு கிளம்பியது. இறந்தவரின் உறவுக்காரர்கள் தடிகளோடு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மடத்து நிர்வாகம் பார்த்த காறுபாறுக்கு மடத்தின் பெயர் கெடக்கூடாது. பலவேசத்துக்கு வயது அறுபத்தெட்டு. வாசலைத் தாண்டினால் அவருக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் மணி அடித்தது. யாரும் எழவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. கும்பலோடு கோவிந்தா போடுவது சைவ மடத்திலும் உண்டு.

மூன்றாம் நாள் விடிந்ததும் குழைக்காதர் ஆற்றுக்கு ஓடினார். ஐம்பத்தொன்பது வயதில், வேட்டி காலைத் தடுக்கத் தடுக்க ஓடினார். மருந்தறையில் நோயாளிகளுக்குத் துணை இருப்பவர் அவர். அவருடைய குரு அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அதனாலேயே மடத்தில் எல்லோருக்கும் அந்தக் குரு இளைய சாமி.

இளைய சாமி ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"சாமி, அறுபது பேர் சேர்ந்து ஒண்ணை நினைச்சா அது தப்பா இருக்குமா?"

"எதை நினைச்சாங்க?"

குழைக்காதர் மூச்சு வாங்கச் சொன்னார். பலவேசம் கஷாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றி இவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். இவர் அதை ஊதி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே யாத்திரிகருக்கு மூச்சு நின்றுவிட்டது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் இவர்தான். கூடவந்தவர்களின் அழுகைச் சத்தத்தில் பலவேசத்திடம் அதைச் சொல்ல முடியவில்லை. பிறகு யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. பலவேசமோ தன் மருந்தில்தான் ஏதோ கோளாறு என்று நம்பி, மூட்டையைக் கட்டி வைத்துவிட்டார்.

"கழுவும்போது கிண்ணத்துல எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார் இளைய சாமி.

குழைக்காதர் மெதுவாகச் சொன்னார்:

"அன்னைக்கு நிறைய இருந்ததுன்னுதான் நினைச்சேன். முதல் நாள் மணிக்கு யாருமே எழுந்திருக்கலை. அப்போ பாதிதான் இருந்திருக்குமோ, ரெண்டு மடக்கு கொடுத்துட்டு மறந்துட்டேனோன்னு தோணிச்சு. நேத்தும் யாரும் எழுந்திருக்கலை. இப்போ நினைச்சுப் பார்த்தா அடியில கொஞ்சம்தான் கண்ணுக்குத் தெரியுது."

"செத்தவர் அன்னைக்கே போயிட்டார். மீதியை இந்த ரெண்டு நாள்ல யார் குடிச்சது?"

காறுபாறிடம் இருந்த பயம் குழைக்காதருக்குப் பழகிப்போன பயம். இது தன் கண்ணைப் பற்றியே வந்த பயம்.

"நீங்களே எழுந்து சொல்லிடுங்களேன், சாமி. உங்களுக்கு மதிப்பு இருக்கு."

"நான் எழுந்தா என் பின்னால முப்பது பேர் எழுந்திருப்பாங்க. கிண்ணத்துல என்ன இருந்ததுன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

"எழுந்தா நல்லதுதானே?"

"நாளைக்கு வேற ஒருத்தர் வேற எதுக்காவது எழுந்தாலும் அதே முப்பது பேர் எழுந்திருப்பாங்க."

"நான் மட்டும் எழுந்து நின்னு, எல்லாரும் சிரிச்சா?"

"சிரிச்சாலும் சிரிப்பாங்க," என்று சொல்லிவிட்டு இளைய சாமி துணியைப் பிழிந்தார்.

மேலே கூட்டத்துக்கான சங்கு ஊதினார்கள்.

மண்டபத்தில் குழைக்காதருக்கு வலது பக்கம் சமையல்காரர் மாசானம் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் வாசல் காவல் பார்க்கும் துரைப்பழம். கதவோரம் பலவேசம், மடியில் மூட்டையோடு. வெளியே தடிகள் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. காறுபாறு அறிவிப்பை வாசித்து முடித்தார். மணியை அடித்தார்கள்.

எழுந்திரு என்று குழைக்காதர் கால்களுக்குச் சொன்னார். கால்கள் கேட்கவில்லை. மாசானத்தைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரைப்பழத்தைப் பார்த்தார். அவரும் தரையைத்தான் பார்த்தார். எல்லா நெற்றியிலும் திருநீறு, எல்லா முகத்திலும் அமைதி. இத்தனை பேர் இத்தனை நிம்மதியாக இருக்கும்போது இதில் தப்பு எங்கே இருக்கும்?

ஓசை மெலிந்துகொண்டே வந்தது.

கண்ணை மூடிக் கிண்ணத்தை நினைத்தார். இப்போது அது சுத்தமாகக் காலியாக இருந்தது. மடித்து வைத்திருந்த காலைக் கையால் பற்றிக்கொண்டார். புறங்காலில் சுருக்கென்று வலித்தது.

ஒரு சின்னக் கொப்புளம். அன்று முற்றத்தில் கஷாயத்தைக் கொட்டியபோது தெறித்துச் சுட்டது. அடியில் கிடக்கும் வண்டல் அப்படித் தெறிக்காது.

மாசானத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கிண்ணம் நிறைய இருந்தது."

குரல் வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடியும் சொன்னார்:

"அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலை. முழுசையும் நான்தான் முற்றத்துல கொட்டினேன்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அசையவும் இல்லை. பிறகு தோளிலிருந்த அவர் கையோடு சேர்ந்தே மாசானம் எழுந்தார்.

"அன்னைக்கு எனக்கும் காய்ச்சல். அதே பானையில இருந்துதான் நானும் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலை."

துரைப்பழம் எழுந்து, வண்டியிலிருந்து இறக்கும்போதே யாத்திரிகருக்குப் பேச்சு இல்லை என்றார். கண் செருகியிருந்ததாம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று இத்தனை நாள் பேசாமல் இருந்தாராம். பின்வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். காறுபாறு அறிவிப்பை மடித்து வைத்துவிட்டு, தனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்.

வாசலில் இருந்தவர்களை உள்ளே அழைத்து விசாரித்தார்கள். வண்டி ஓட்டி வந்த, இறந்தவரின் மச்சினன் முதலில் முறைத்தான். பிறகு, கிளம்பும்போதே நிலைமை மோசம்தான் என்று சொல்லி அழுதான். தடிகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

பலவேசம் மட்டும் மூட்டையை விடவில்லை. குழைக்காதர் பக்கத்தில் போனதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சொட்டுக்கூடவா குடிக்கலை?"

"இல்லை அண்ணாச்சி."

"ஒருத்தரைக் கொன்னுட்டேன்னே நினைச்சுட்டு இருந்தேனே, குழைக்காதா."

குழைக்காதரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வெட்கம் மத்தியானத்துக்குள் கோபமாகிவிட்டது. நேராக இளைய சாமியின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் பயந்தாங்கொள்ளி, சாமி. ஒத்துக்கறேன். உங்களுக்கு என்ன பயம்? நேத்தும் முந்தாநாளும் நீங்க ஏன் எழுந்திருக்கலை?"

இளைய சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"பலவேசம் மேல தப்பு இருக்காதுன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா அந்த அறையில நான் இல்லை, நீங்க இருந்தீங்க. மணி அடிச்சதும் ரெண்டு நாளும் உங்க முகத்தைத்தான் பார்த்தேன். அமைதியா இருந்தது."