எட்டாவது சுற்று

இருபத்திரண்டு வருஷமாக எம்.பி.ஏ. வகுப்பில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவன் சொல்கிறேன், கேளுங்கள். விடைத்தாள் திருத்தி அலுத்துப்போய்க் கணினியில் ஒரு போட்டி வைத்தேன். ஆறு குழு, ஆறு மிக்சி கம்பெனி, எல்லாம் கற்பனை. ஒரு சுற்று என்பது ஒரு வருஷம். கடைசிச் சுற்றில் லாபம் அதிகம் காட்டும் குழுவுக்கு முழு மதிப்பெண், கடைசி இடத்துக்கு ஃபெயில். திருத்துகிற வேலை மிச்சம் என்று பார்த்தேன், வேறொன்றுமில்லை. "மொத்தம் எட்டுச் சுற்று" என்று போர்டில் எழுதினேன். கையில் கொடுத்த தாளிலோ, "கம்பெனி நெடுநாள் நிலைக்கும்படி நடத்துங்கள்" என்று இருந்தது.

ஏழு சுற்று வரை செண்பகவல்லியின் குழுதான் முதலிடம். எட்டாவதில் இன்னொரு குழுவின் தலைவன் ஃபெலிக்ஸ் தன் சர்வீஸ் சென்டர்களை மூடினான், பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினான். லாபம் எகிறி முதலிடத்துக்கு வந்துவிட்டான். அதே சுற்றில் அவள் புது இயந்திரம் வாங்கி, அந்தச் செலவில் லாபம் கரைந்து அடியில் போய் விழுந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு ஓசூரில் வேலை உறுதியாகியிருந்தது. ஒரு அரியர் விழுந்தாலும் வேலை கிடையாது என்பது நிபந்தனை. மறுநாள் என் அறைக்கு வந்து நின்றாள். அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒன்பதாவது வருஷமும் கம்பெனி இருக்கும்னுதான் சார் நடத்தினேன்" என்றாள்.

ஃபெலிக்ஸைக் கூப்பிட்டேன். "நான் யாரையும் ஏமாத்தல சார். எட்டோட முடியுதுன்னு நீங்கதானே எழுதினீங்க" என்றான். அதுவும் உண்மை.

ரேங்க் என்றால் ரேங்க்தான், கம்ப்யூட்டருக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது என்று துறைத் தலைவர் கையை விரித்துவிட்டார். மனசு கேட்காமல் ஒன்பதாவது சுற்றை நானே ஓட்டிப் பார்த்தேன். ஃபெலிக்ஸின் கம்பெனி படுத்துவிட்டது, அவளுடையது ஏறியது. ஆனால் முடிந்த ஆட்டத்தை நீட்டி மதிப்பெண் போட்டால் அது அவனுக்கு அநியாயம்.

நீங்களே சொல்லுங்கள். இந்த இருவரில் பாடத்தைச் சரியாகக் கற்றவர் யார்?

விடை: இருவருமேதான். அவன் போர்டை நம்பினான், அவள் தாளை நம்பினாள். இரண்டையும் எழுதியவன் நான். அதனால் ஃபெலிக்ஸின் மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. தவறு என்னுடையது என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று மற்றவர்களை எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் போட்டேன். செண்பகவல்லி பாஸாகி ஓசூர் போய்விட்டாள். ஃபெயில் ஆகவேண்டியவன் அந்த வகுப்பில் ஒருவன்தான் இருந்தான். அவனுக்கு ஃபெயில் போட ஆளில்லை. இந்த மாதமும் சம்பளம் வந்துவிட்டது.