தட்டிப் பார்க்காத மரங்கொத்தி

ஒரு காட்டில் வண்டிகள் ஓடின. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, நிஜமாகவே ஓடின. கோடை வந்தால் அந்தக் காட்டின் ஓடை வற்றிவிடும். விலங்குகள் எல்லாம் மலைமேல் இருக்கும் சுனைக்குக் குடிபெயர வேண்டும். காலில் தெம்பு உள்ளவர்கள் நடந்துவிடுவார்கள். நடக்க முடியாத குட்டிகளையும் கிழடுகளையும் யார் சுமப்பது? அதற்குத்தான் வண்டி.

வண்டி செய்யும் பட்டறை கரடியாருக்குச் சொந்தம். கரடியாருக்குத் தேனைப் பற்றித் தெரியும், தூக்கத்தைப் பற்றித் தெரியும், வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அங்கே வண்டியை அறிந்தவன் செங்கொண்டையன் என்ற மரங்கொத்திதான்.

இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் அச்சுக்கட்டையில்தான் வண்டியின் உயிர் இருக்கிறது என்பான் செங்கொண்டையன். ஒவ்வொரு கட்டையையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அலகால் தட்டிக்கொண்டே போவான். தலையைச் சாய்த்துக் கேட்பான். ‘டங்’ என்று கேட்டால் நல்ல கட்டை. ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே புழு குடைந்த கட்டை. அது வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கழிவுக் குவியலில் எறிந்துவிடுவான். நல்ல கட்டையில் மட்டும் முக்கோணமாக மூன்று துளை கொத்துவான். அது அவன் குறி.

அந்தக் குறியைக் கண்ணால் பார்க்காமல் காட்டில் எந்தத் தாயும் தன் குட்டியை வண்டியில் ஏற்றியதில்லை.

காராயி என்ற எருமையும் அதே பட்டறையில் வேலை செய்தாள். புது வண்டி ஒவ்வொன்றிலும் பாறாங்கல்லை ஏற்றி, மேட்டில் இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. அவன் தட்டுவான், அவள் இழுப்பாள். இருவரும் அண்ணன் தங்கை போலப் பழகினார்கள்.

ஒருநாள் கரடியார், “இந்த ஒரு கட்டையை விட்டுத் தொலையேன்பா. பாக்க நல்லாத்தானே இருக்கு?” என்று கெஞ்சினார்.

“இதுல உங்க குட்டியை ஏத்துவீங்களா?” என்று கேட்டான் செங்கொண்டையன்.

கரடியார் அந்தக் கட்டையைத் தானே தூக்கிப்போய்க் குவியலில் போட்டார். அப்படி நறுக்கென்று கேட்டவன்தான் அவன். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தப் பட்டறைக்கு ஒரு நரி வேலைக்கு வந்தது. அதற்கு ஓர் ஆணி அடிக்கத் தெரியாது. ஆனால் பேசத் தெரியும். வந்த சூட்டோடு கரடியாரின் காதைக் கடித்தது.

“ஐயா, பக்கத்துக் காட்டுக்காரங்களும் வண்டி வேணும்னு நிக்கிறாங்க. நம்ம ஆளு ஒவ்வொரு கட்டையா தட்டிக்கிட்டே இருந்தா எப்போ குடுக்கிறது? அவரைத் தலைவராக்கி மேலே உக்கார வெச்சிடுங்க. அவரு பேரும் நமக்குக் கெடைக்கும், தட்டுற சத்தமும் நின்னுடும்.”

கரடியாருக்குப் தேன் சொட்டும் தேனடை கைக்கு வந்தது போலிருந்தது. மறுநாளே செங்கொண்டையன் பட்டறைத் தலைவனானான்.

பெரிய தேக்கு மரத்தின் உச்சிக் கொம்பில் பாசி பரப்பி இருக்கை போட்டார்கள். அணில்களும் முயல்களும் “தலைவரே, தலைவரே” என்றன. காலையானால் ஒரு தேக்கிலை நிறையக் கொழுகொழுவென்று வெள்ளைப் புழுக்கள் மேலே வந்துவிடும். நரியின் ஏற்பாடு. இத்தனை கொழுத்த புழு எந்த மரத்துக்குள்ளே கிடைக்கும் என்று ஒரு மரங்கொத்திக்குத் தெரியாதா? தெரியும். அவன் கேட்கவில்லை. தின்றான்.

ஒருநாள் பழக்க தோஷத்தில் கீழே இறங்கப் போனான். நரி ஓடிவந்து தடுத்தது.

“என்ன தலைவரே இது! நீங்க போய்க் கட்டை தட்டுறதா? பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“தட்டாம எப்படிக் குறி போடுறது?”

“அந்தக் குறிதானே? முள்ளம்பன்றி முள்ளு ஒண்ணு வெச்சிருக்கேன். நானே மூணு குத்துக் குத்திடறேன். யாரு குத்தினா என்ன, அது உங்க குறிதானே?”

செங்கொண்டையனுக்கு அலகு நமநமவென்றது. ஒரே ஒரு கட்டையையாவது தட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. ஆனால் கீழே கரடியார், பக்கத்துக் காட்டு யானையிடம் அவனைக் காட்டி, “அதோ, அவருதான் எங்க தலைவர்” என்று சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.

“சரி, பாத்துச் செய்” என்றான்.

பாத்துச் செய்யாம்! யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது? பொறுப்பைக் கைகழுவ இதைவிட வசதியான வார்த்தையை நான் கேட்டதில்லை.

அதன்பின் வண்டிகள் மளமளவென்று வெளியே வந்தன. கல் ஏற்றி இழுத்துப் பார்ப்பதையும் வீண் வேலை என்று நரி நிறுத்திவிட்டது. தேக்கு மரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் பட்டறையின் பின்பக்கம் நன்றாகத் தெரியும். தான் கழித்து எறிந்த கட்டைகளின் குவியல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைச் செங்கொண்டையன் பார்த்தான். ஒரு காலையில் குவியலே இல்லை, வெறும் தரைதான் இருந்தது. அவன் அன்றிலிருந்து இருக்கையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

பிள்ளைகளே, நரி மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நரி நரியாக நடந்துகொண்டது. என் கோபமெல்லாம் இருக்கையைத் திருப்பிப் போட்டானே, அவன் மேல்தான்.

அந்த ஆண்டு காராயி ஒரு கன்று ஈன்றிருந்தாள். நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அதற்குப் பொட்டு என்று பெயர். பிறவியிலேயே முன்கால் ஒன்று சூம்பியிருந்தது. ஓடை வற்றியதும் காராயி தேக்கு மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணே! நாளைக்குச் சுனைக்குப் போறோம். பொட்டு நடக்காது, வண்டியிலதான் வரணும். என்னைக் கல்லு ஏத்தி இழுக்கவும் விடலை. மனசு கெடந்து அடிச்சுக்குது. எங்க வண்டிக் கட்டையை நீ தட்டிப் பாத்தியா?”

‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனமில்லாவிட்டால் இறங்கி வந்து தட்டியிருக்கலாம். ஒரு நொடி வேலை. செங்கொண்டையனும் அதைத்தான் நினைத்தான். ஆனால் நரி மரத்தடியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த ஒன்றைத் தட்டினால் மற்ற வண்டிகளையும் தட்டச் சொல்வார்களே, அப்புறம் இருக்கை என்னாவது என்று அவன் மனம் கணக்குப் போட்டது.

“என் குறி இருக்கில்ல?” என்று கேட்டான்.

“இருக்கு அண்ணே.”

“அப்புறம் என்ன சந்தேகம்? தைரியமாப் போயிட்டு வா.”

காராயியின் முகம் தெளிந்தது. அண்ணன் சொல்லிவிட்டான் என்று போனாள்.

மறுநாள் வண்டியில் வைக்கோல் பரப்பிப் பொட்டுவைப் படுக்க வைத்து, தானே இழுத்துக்கொண்டு மலையேறினாள். பள்ளத்தை ஒட்டிய வளைவில் அச்சுக்கட்டை படீரென்று முறிந்தது. கழுத்துக் கயிறு அறுந்ததால் காராயி பிழைத்தாள். வண்டி உருண்டு பள்ளத்தில் விழுந்தது. பொட்டு செத்துப்போனது.

காடே தேக்கு மரத்தடியில் கூடியது. நரி அதற்கு முன்பே ஓடிவந்து செங்கொண்டையனிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தது.

“தலைவரே, வண்டி மேல பழி விழுந்தா பட்டறையும் போச்சு, உங்க இருக்கையும் போச்சு. இழுத்தவ மேல சொல்லிடுங்க.”

அது பொய் என்று செங்கொண்டையனுக்குத் தெரியும். தெரிந்தே கூட்டத்திடம் சொன்னான்.

“வண்டியில எந்தக் குறையும் இல்லை. அது என் குறி போட்ட வண்டி. வளைவுல இழுத்தவதான் கவனமா இழுக்கலை.”

பெற்றதைப் பறிகொடுத்து நிற்பவளைப் பார்த்து அப்படிச் சொன்னான். அந்த நாக்கு அழுகியிருக்க வேண்டாமா?

காராயி அழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். மலை வளைவில் கிடந்த முறிந்த அச்சுக்கட்டையைக் கொம்பால் தள்ளித் தள்ளி மரத்தடிக்குக் கொண்டுவந்தாள். அதன்மேல் மூன்று துளைகளும் அழகாக இருந்தன.

“தலைவரே” என்றாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. “கீழ எறங்கி வாங்க. இப்பவாவது தட்டுங்க.”

செங்கொண்டையன் நரியைத் தேடினான். நரியைக் காணோம். அது அதற்குள் பக்கத்துக் காட்டுக்கு வேலை தேடிப் போய்விட்டது. கரடியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் செங்கொண்டையன் இறங்கி வந்து, கட்டையின் மேல் உட்கார்ந்து, ஒரே ஒரு முறை தட்டினான்.

‘பொத்.’

கடைசி வரிசையில் நின்ற முயலுக்கும் அது கேட்டது. முறிந்த முனையிலிருந்து கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று நெளிந்து வந்து அவன் காலடியில் விழுந்தது. தினமும் காலையில் அவனுக்கு இலையில் வந்ததும் இதே மாதிரிப் புழுதான்.

“தின்னுங்க தலைவரே” என்றாள் காராயி.

அந்தக் கோடையில் தாய்மார்கள் எல்லோரும் குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டே மலையேறினார்கள். வண்டிகள் மூன்று துளைக் குறியோடு அடிவாரத்தில் கிடந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை.

நீதி: நீ சோதித்துப் பார்க்காததற்கு உன் பெயரைக் கொடுக்காதே, கொடுத்தால் அதனால் போகும் உயிருக்கும் நீயே பொறுப்பு.