வாத்தியார் விழுந்த நாள்

உலகநாதன் சிரிக்கமாட்டார். சிரிப்பு வந்தால் இருமிவிடுவார். முப்பது வருஷம் பௌதிகம் நடத்தியவர். ஓய்வுபெற்றதும் மடத்துக்கு வந்து, தன்னைவிட இளையவரான குண்டுச்சாமிக்குச் சீடரானார். குண்டு என்றால் அப்படியொரு குண்டு. சாமி உட்கார்ந்தால் பெஞ்சு முனகும்.

சாமி காசிக்குப் புறப்படவிருந்தார். இனி மடம் உலகநாதன் பொறுப்பு. பழகட்டும் என்று ஒரு வாரமாக அவரையே தன் இடத்தில் உட்காரவைத்திருந்தார். ஜனங்கள் வந்தார்கள். எட்டி நின்று கும்பிட்டார்கள். போய்விட்டார்கள்.

"உங்களிடம் மாடு காணாமல் போனதிலிருந்து மாமியார் சண்டைவரை கொட்டுகிறார்கள், சாமி. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இப்படியே போனால் மடத்தைப் பூட்ட வேண்டியதுதான். என்ன குறை என்னிடம்? வீண் பேச்சில்லை, பல்லிளிப்பு இல்லை. கனமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்."

"அது தெரியுது. வாரும்."

அன்று கிருஷ்ண ஜயந்தி. கோயில் முன்னால் வழுக்கு மரம் நட்டிருந்தார்கள். விளக்கெண்ணெய் வழிந்தது. உச்சியில் ஒரு வாழைத்தார். ஏறுகிறவன்மேல் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் வீசினார்கள்.

"ஏறும்," என்றார் சாமி.

"எண்ணெய், சாமி. பிடிமானம் கிடையாது. பூமி இழுக்கும். விழுவது நிச்சயம். பாடமே நடத்தியிருக்கிறேன்."

"நடத்தினீர். விழுந்திருக்கிறீரா?"

உலகநாதன் வேட்டியை மடித்துக் கட்டினார். எப்படியோ ஓர் ஆள் உயரம் போய்விட்டார். பெண்கள் குடத்தை இடுப்புக்கு இறக்கிவிட்டார்கள். மடத்து வாத்தியார்மேல் யார் தண்ணீர் ஊற்றுவது?

"என்ன பார்க்கிறீங்க? ஊத்துங்க தாயி!" சாமிதான் கத்தினார்.

ஒரு குடம் மூஞ்சியில் வந்து அறைந்தது. சர்ரென்று சறுக்கிச் சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

சிரிப்பு வந்தது. இருமிப் பார்த்தார், அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரே சிரித்தது.

குடத்தை வீசிய பேச்சியம்மா ஓடிவந்து கண்ணாடியை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

"அடி படலையே, வாத்தியாரய்யா?"

"இல்லம்மா."

அவள் போகவில்லை. பக்கத்தில் குந்தினாள். குரல் தாழ்ந்தது.

"ஒண்ணு கேக்கணும்னு மடத்துக்கு வந்தேன். பயந்துட்டுத் திரும்பிட்டேன். எம் மக விஷயம்..."

சேற்றில் உட்கார்ந்தபடியே கேட்டார். அவள் எழுந்ததும் இன்னொருவர் குந்தினார்.

அப்புறம்தான் உலகநாதன் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார்.

"சாமி, பாதிகூட ஏறலையே நான்!"

சாமி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கே வாழைப்பழம்தான் ஓய் இருக்கு. தள்ளி உட்காரும். அடுத்தது நான்."