ஆணி அடித்த வரிசை

அங்கயற்கண்ணி அம்மாவின் மடம் ஆலங்குடிப் பக்கம் செம்மண் காட்டில் இருக்கிறது. மடம் என்றதும் கோபுரம், யானை என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓர் ஓட்டு வீடு, ஓர் ஆழ்துளைக் கிணறு, மூன்று ஏக்கரில் மகாகனி மரங்கள். அவ்வளவுதான். அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து. சீடர் அடைக்கலத்துக்கு அறுபத்திரண்டு. தன்னைவிடச் சின்னவரிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று ஊரில் கேலி பேசினார்கள். அடைக்கலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடைக்கலம் தையல்காரராக இருந்தவர். ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும், கழுத்து இத்தனை, தோள் இத்தனை என்று சொல்லிவிடுவார். கடையை மூடிய பிறகும் இஞ்சு டேப் மட்டும் அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை. மரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அம்மா கொடுத்ததும், மனிதர் மரங்களுக்கும் அளவெடுக்கத் தொடங்கிவிட்டார்.

மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் எடுப்பார்கள். எப்போதும் ஒரே இடத்தில் எடுத்தால்தான் எவ்வளவு பெருத்தது என்று தெரியும். அளவு விஷயத்தில் அடைக்கலம் கறார் பேர்வழி. பாதையோர வரிசையில் மரத்துக்கு ஓர் ஆணி அடித்து வைத்தார். மாதம் பிறந்தால் அந்த ஆணியை ஒட்டி டேப்பைச் சுற்றுவார். இந்த வருடம் அந்த மரங்கள் கிடுகிடுவென்று பெருத்தன. அடைக்கலத்துக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. மகள் செண்பகவல்லி வயிற்றுப் பிள்ளையை ஏழாம் மாதத்தில் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைப் பெற்றவள் உயிரோடு இல்லை. கணவன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். பார்த்துக்கொள்ள அடைக்கலத்தை விட்டால் ஆள் கிடையாது.

ஒரு நாள் காலையில் அடைக்கலம் வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தார்.

"என்ன ஐயா?" என்றார் அம்மா.

"மக நாளைக்கிக் கிளம்புறாம்மா. திருச்சியில ஏதோ ஆஸ்டலாம். தனியா இருக்கப்போறாளாம்."

"ஏன்?"

"என் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கலையாம்." அவர் கழுத்து டேப்பை உருவி விரலில் சுற்றினார். "நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? பொழுது சாஞ்சா பக்கத்துல போயி, 'இன்னிக்கி எப்படி ஆத்தா இருக்கு? நேத்தைக்கு இன்னிக்கித் தேவலையா? அழுதியா?'ன்னு கேக்குறேன். மொதல்ல பதில் சொன்னா. அப்புறம் கேட்டாலே அழுதா. இப்ப என் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கிறா."

அம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நாளுக்கு நாள் கூடிக்கிட்டேதான் போகுது. தனியாப் போனா என்ன பண்ணிக்குவாளோன்னு ஈரக்கொலை நடுங்குதும்மா. அவ எப்பத் தேறுவா? அதை மட்டும் சொல்லுங்க."

அம்மா எழுந்தார். "வாங்க, மரம் அளந்துட்டு வருவோம்."

அடைக்கலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்றவன் இங்கே துடித்துக்கொண்டிருக்கிறான், இப்போது மரம் ஒன்றுதான் குறைச்சலா! ஆனாலும் பின்னால் போனார்.

பாதையோர வரிசையில் முதல் மரத்தின் முன்னால் அம்மா நின்றார். "அளங்க."

ஆணியை ஒட்டி டேப்பைச் சுற்றினார் அடைக்கலம். "இருபத்திரண்டு இஞ்சு."

"ஒரு சாண் மேல?"

"இருபது. மேல போகப் போகச் சிறுக்கத்தானம்மா செய்யும்."

"ஒரு சாண் கீழ?"

அடைக்கலம் குனிந்து சுற்றினார். டேப்பை அவிழ்த்துவிட்டு மறுபடியும் சுற்றினார். "இருபத்தொண்ணு," என்றார் மெதுவாக. "கீழ எப்படிம்மா குறையும்?"

அடி பெருத்து நுனி சிறுப்பதுதான் மரம். அவர் ஆணியைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தார். பட்டை புடைத்துக்கொண்டு ஆணியின் தலையைப் பாதி விழுங்கியிருந்தது. அடுத்த மரத்துக்குப் போனார். அங்கேயும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும் அப்படியே. ஆணி அடிக்காத வரிசைக்குப் போய் ஒரு மரத்தைத் தடவினார். அது வழவழவென்று ஒரே சீராக இருந்தது.

"வீங்கியிருக்கும்மா," என்றார் திரும்பி வந்து. "நான் வளருதுன்னுல்ல நெனச்சேன்."

"குத்துன எடத்தை மூடிக்கப் பாக்குது. நீங்க அதுலேயே டேப்பை வச்சீங்க."

அடைக்கலம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. பிறகு என்ன நினைத்தாரோ, விறுவிறுவென்று போய்ச் சுத்தியலை எடுத்துவந்தார்.

"எல்லாத்தையும் புடுங்கிடுறேம்மா. இப்பவே புடுங்கிடுறேன்."

அம்மா சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தார். "பாதி மூடிருச்சுய்யா. இப்ப நோண்டுனா மறுபடியும் புதுக் காயந்தான். அது பாட்டுக்கு உள்ள வாங்கிக்கட்டும்."

"அப்ப நான் என்னதாம்மா செய்யிறது?" அடைக்கலத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "பெத்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டு இருக்கவா? ஆணி இல்லாட்டி எந்த இடம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மரத்தை ஒட்டி நில்லுங்க."

நின்றார். அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தான் ஆணிக்கு நேராக இருந்தது. நாற்பது வருடம் பொத்தான் தைத்தவர் அதைக் குனிந்து பார்த்தார்.

"அடையாளம் உங்க சட்டையிலேயே இருக்கு," என்றார் அம்மா. "அதை எதுக்கு மரத்துல அடிக்கிறீங்க? நீங்க வந்து பக்கத்துல நின்னாப் போதும்."

அடைக்கலம் அன்றைக்கு வேறொன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அவர் வர வெயில் ஏறிவிட்டது. அம்மா வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். அடைக்கலம் கரையில் குந்தினார்.

"நேத்து நான் ஒண்ணுமே கேக்கலம்மா. மக விதைக்கடலை உடைச்சுக்கிட்டிருந்தா. நானும் பக்கத்துல உக்காந்து உடைச்சேன். முறம் பாதி நெறஞ்சப்புறம், அந்தப் பிள்ளைக்கு வைக்கணும்னு நெனச்சிருந்த பேரைச் சொன்னா." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு மாசமா இந்த வீட்டுல யாரும் சொல்லாத பேரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. கடலை உடைச்சேன்."

அம்மா மடையை அடைத்துவிட்டுக் கையைக் கழுவினார். "இப்பத் தேவலையா மகளுக்கு?"

"தெரியலம்மா," என்றார் அடைக்கலம். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நான் வெரசாப் போகணும். இன்னிக்கி அவ கிளம்பல. மத்தியானத்துக்கு எனக்கும் சேத்து உலை வச்சிருக்கா."